தி ஏரெஸ்: கணக்கில் ஜெயித்து மகளிடம் தோற்ற அப்பா

பழைய ஹாலிவுட் காதல் படங்கள் என்று பேச்செடுத்தாலே 'கான் வித் த விண்ட்', 'காசாபிளாங்கா' என்று இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வந்துவிடும். இரண்டும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் எது என்று கேட்டால் நான் சொல்வது வில்லியம் வைலர் இயக்கி 1949-இல் வெளிவந்த 'தி ஏரெஸ்'. இதில் போர் இல்லை. பற்றி எரியும் நகரம் இல்லை. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஓர் அப்பா, ஒரு மகள், ஓர் அத்தை. வெளியிலிருந்து வருகிற ஓர் இளைஞன். இந்த நாலு பேரை வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு பெண்ணின் மனம் கல்லாகிப்போவதை நம் கண்ணெதிரே காட்டிவிடுகிறார் வைலர்.

கதையை முடிவு வரைக்கும் சொல்லித்தான் இதை எழுத முடியும். தெரியாமல் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பதிவு எங்கேயும் போய்விடாது.

கதை நடப்பது 1850-ஐ ஒட்டிய காலம். டாக்டர் ஆஸ்டின் ஸ்லோப்பர் ஊரறிந்த மருத்துவர், பணக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் காதரின். கூச்ச சுபாவம், பேச வராது, நாலு பேர் கூடிய இடத்தில் கை எங்கே வைப்பது கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவள். அவளுக்கு நன்றாக வருவது எம்பிராய்டரி மட்டும். டாக்டருக்கு மகளைப் பார்க்கும்போதெல்லாம் இறந்துபோன மனைவிதான் நினைவுக்கு வருகிறாள். அவள் அழகி, சாமர்த்தியசாலி, சபையை ஆள்பவள். அந்த அளவுகோலை வைத்து மகளை அளந்து அளந்து, ஒவ்வொரு தடவையும் குறைவாக மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆரம்பத்தில் வரும் ஒரு சின்னக் காட்சி போதும். விருந்துக்குப் போவதற்காகக் காதரின் செர்ரிச் சிவப்பு நிறத்தில் ஒரு கவுன் போட்டுக்கொண்டு ஆசையாக இறங்கி வருகிறாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அப்பா பார்க்கிறார். உன் அம்மா நல்ல நிறம், இந்த நிறத்தை அவள் அடக்கி ஆண்டாள் என்கிற பொருளில் ஒரு வாக்கியம் சொல்கிறார். குரலில் கோபம் இல்லை, முகத்தில் வெறுப்பு இல்லை. காதரினின் சிரிப்பு மட்டும் அப்படியே உதிர்ந்துபோகிறது. இந்த வீட்டில் கொடுமை இப்படித்தான் நடக்கிறது: நல்ல மொழியில், மரியாதையாக, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னும் பின்னும்.

அந்த விருந்தில் மாரிஸ் டவுன்சென்ட் வருகிறான். அழகன், பேச்சு வல்லவன், கையில் காசில்லாதவன். காதரினிடம் உருகி உருகிப் பேசுகிறான், சில நாட்களிலேயே கல்யாணம் வரை பேச்சு வந்துவிடுகிறது. காதரினுக்கு அம்மா வழியில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் வருகிறது. அப்பாவின் காலத்துக்குப் பிறகு அது முப்பதாயிரம் ஆகும். டாக்டர் உடனே கணக்குப் போட்டுவிடுகிறார்: இவன் வந்திருப்பது பணத்துக்காக.

இங்கேதான் படத்தின் உயிர் இருக்கிறது. அப்பாவின் கணக்கு சரி. மாரிஸ் பணத்துக்காகத்தான் வந்தான். பையனைப் பற்றிய கணிப்பில் டாக்டர் ஸ்லோப்பர் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. ஆனால் அந்தக் கணிப்புக்கு அவர் வைத்திருந்த அடிப்படைக் காரணம் இருக்கிறதே, அதுதான் விஷம்: 'என் மகளைப் பணத்துக்காக அல்லாமல் வேறு எதற்காக ஒருவன் விரும்ப முடியும்?' மகளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிய அப்பா, அவளிடம் விரும்பத்தக்கது எதுவும் இல்லை என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் காப்பாற்றப் பார்க்கிறார். சரியாக இருப்பதும் அன்பாக இருப்பதும் வேறு வேறு என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை.

கதையின் மூலம் ஹென்றி ஜேம்ஸ் 1880-இல் வெளியிட்ட 'வாஷிங்டன் ஸ்கொயர்' நாவல். பிரபல ஆங்கில நடிகை ஃபேன்னி கெம்பிள் தன் சொந்தத் தம்பியைப் பற்றி ஜேம்ஸிடம் சொன்ன கதைதான் அதற்கு வித்து. கெம்பிளின் தம்பி ஒரு பணக்காரப் பெண்ணைச் சுற்றி வந்தான், பெண்ணின் அப்பா சொத்து கிடையாது என்றதும் கழன்றுகொண்டான், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் மறுத்துவிட்டாள். ஜேம்ஸ் இதை 1879-இல் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே நாவலாக்கினார், களத்தை மட்டும் நியூயார்க்குக்கு மாற்றிக்கொண்டு. அவருக்கு என்னவோ இந்த நாவல் மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை. பின்னாளில் தன் படைப்புகளைத் திருத்தித் தொகுத்து வெளியிட்டபோது இதைச் சேர்க்காமலே விட்டுவிட்டார். அவர் ஒதுக்கிய நாவல்தான் அவருடைய நாவல்களிலேயே அதிகம் பேர் படிக்கிறவற்றில் ஒன்றாக இன்றைக்கு நிற்கிறது.

ரூத் கோயட்ஸ், அகஸ்டஸ் கோயட்ஸ் என்ற கணவன் மனைவி இருவரும் நாவலை நாடகமாக்கினார்கள். 'தி ஏரெஸ்' என்ற பெயரில் 1947-இல் பிராட்வேயில் அரங்கேறியது. வெண்டி ஹில்லர் காதரினாகவும் பேசில் ராத்போன் டாக்டராகவும் நடித்தார்கள். அந்த நாடகத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் ஒலிவியா டி ஹாவிலண்ட்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படம் பிறந்ததற்கு அவர்தான் காரணம். 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனியாக வந்தவர் என்றால் உங்களுக்கு முகம் நினைவுக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் நடிகர்கள் ஒரு ஸ்டுடியோவிடம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பார்கள். கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்று மறுத்தால் சம்பளம் நின்றுவிடும். அதோடு முடியாது. நடிக்காமல் இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள், ஆக ஏழு ஆண்டு என்பது முடியவே முடியாத ஏழு ஆண்டு. டி ஹாவிலண்ட் 1943-இல் வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டார். ஏழு ஆண்டு என்றால் காலண்டர்படி ஏழு ஆண்டுதான் என்று 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் அந்த ஏழு ஆண்டு விதியை டி ஹாவிலண்ட் சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள். வழக்கு நடந்த காலம் முழுக்க அவருக்குப் பட வேலை இல்லை. பெரிய ஸ்டுடியோவைப் பகைத்துக்கொண்ட நடிகையின் கதை முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். அவரோ 1946-இல் வெளிவந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார்.

அப்படி விடுதலையாகி வந்தவர், தனக்கு வேண்டிய கதையைத் தானே தேடிப் பிடித்தார். பிராட்வேயில் நாடகத்தைப் பார்த்துவிட்டு வைலரைத் தொடர்புகொண்டார். வைலர் தானும் போய்ப் பார்த்தார். உரிமை வாங்கப்பட்டது, பாரமவுண்ட் தயாரிப்பு என்று முடிவானது, கோயட்ஸ் தம்பதியே திரைக்கதையும் எழுதினார்கள். எல்லோரும் தனக்கு விலை வைக்கிற உலகத்தில் தன் கதவைத் தானே பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறாள் காதரின். அந்த வேடத்தில் நடித்தவர் நிஜ வாழ்க்கையில் ஒரு ஸ்டுடியோவின் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். படத்தின் பின்பாதியில் அவர் குரல் தணிந்து, கனத்து, இறுகுவதைக் கேட்கும்போது அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது.

வைலர் எப்படிப்பட்ட இயக்குநர் என்பதை ஹாலிவுட் அவருக்கு வைத்த செல்லப்பெயரே சொல்லிவிடும்: நாற்பது டேக் வைலர். நடிகர்களிடம் என்ன வேண்டும் என்று விளக்கமாகச் சொல்ல மாட்டார். இன்னொரு டேக் என்பார். மறுபடியும் இன்னொன்று. டாக்டராக நடித்த இங்கிலாந்து மேடை நடிகர் ரால்ஃப் ரிச்சர்ட்சனிடம் மட்டும் அவர் அசந்துபோனார். வீட்டுக்குள் வந்து தொப்பியையும் கையுறையையும் கழற்றி வைக்கிற சாதாரணக் காட்சி. எப்படிச் செய்யட்டும் என்று கேட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விதங்களில் அதைச் செய்து காட்டினாராம் ரிச்சர்ட்சன். படத்தில் அவர் கைகளைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் கைகள் ஒருபோதும் அவசரப்படுவதில்லை. பழைய ஸ்டெதஸ்கோப்பைத் தன் மார்பிலேயே வைத்துக் கேட்டு, தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தானே கண்டுபிடிக்கிற காட்சியிலும் அதே நிதானம். மகளின் மனசைத் தவிர எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்த மருத்துவர்.

வீடுதான் இந்தப் படத்தின் ஐந்தாவது பாத்திரம். அதை உருவாக்கியவர் ஹாரி ஹார்னர். பொஹீமியாவில் பிறந்து, மாக்ஸ் ரெய்ன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் வேலை பார்த்து, அமெரிக்கா வந்தவர். 'டைட்டானிக்' படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் ஹார்னர் இவருடைய மகன். கூடத்தையும் வரவேற்பறையையும் பிரிக்கிற தள்ளு கதவுகள், நுழைவிடத்தில் பெரிய கண்ணாடி, நடுவே மேல்மாடி வரை போகிற மாடிப்படி. இந்த மூன்றையும் வைலரும் ஒளிப்பதிவாளர் லியோ டோவரும் பயன்படுத்தியிருக்கிற விதத்தைத் தனியாகவே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் கதவிடுக்கில் இன்னொருவர் நின்று கேட்பது ஒரே ஃப்ரேமில் தெளிவாகத் தெரியும். வெட்டி வெட்டிக் காட்ட வேண்டிய அவசியமே வராது. யாரைப் பார்ப்பது என்பதை நம் கண்ணுக்கே விட்டுவிடுகிறார்கள்.

உடைகளிலும் அதே கவனம். பெண்களின் உடைகளை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். முதல் பாதியில் காதரினின் உடைகளைப் பாருங்கள். துணி விலையுயர்ந்தது, அலங்காரம் ஏராளம், ஆனால் உடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கடைசியில் அதே பெண் வெளிர் நிறப் பட்டில் நிமிர்ந்து உட்காரும்போது உடையும் அவளும் ஒன்றாகியிருப்பார்கள். ஹெட் வாழ்நாளில் வாங்கிய எட்டு ஆஸ்கர்களில் முதலாவது இந்தப் படத்துக்காகத்தான். ஆண்களின் உடைகளைச் செய்த கைல் ஸ்டீலோடு சேர்ந்து வாங்கினார்.

மாரிஸாக மான்ட்கோமரி கிளிஃப்டைப் போட்டது வைலரின் பெரிய சாமர்த்தியம். நாவலில் மாரிஸ் யார் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். கிளிஃப்டின் முகத்தில் அது தெரியாது. அந்தக் கண்களைப் பார்த்தால் நமக்கும் நம்பத்தான் தோன்றுகிறது. டாக்டர் பேசும்போது டாக்டர் பக்கம், மாரிஸ் பேசும்போது மாரிஸ் பக்கம் என்று நாமும் காதரினோடு சேர்ந்து ஊசலாடுகிறோம். படப்பிடிப்பில் கிளிஃப்ட் தன் நடிப்புப் பயிற்சியாளர் மீரா ரோஸ்டோவாவைக் கூடவே வைத்திருந்தார். ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பாராம். தன்னோடு நடிக்காமல் வேறெங்கோ நடிப்பதுபோல டி ஹாவிலண்டுக்கு இருந்திருக்கிறது. அந்த விலகல்கூடப் படத்துக்கு உதவியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மாரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுகூட முழுசாக அங்கே இல்லாதவன்தானே!

இனி அந்த இரவுக்கு வருவோம். ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனால் மகள் மறந்துவிடுவாள் என்று டாக்டர் போட்ட திட்டம் பலிக்கவில்லை. திரும்பி வந்ததும் பொறுமை இழந்து, உன்னிடம் என்ன இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். நன்றாகத் தைக்கிறாய், வேறென்ன? காதரின் உடைந்துபோகிறாள். அன்றிரவே மாரிஸோடு ஓடிப்போக முடிவெடுக்கிறாள். அவனிடம் பெருமையாகச் சொல்கிறாள்: அப்பா சொத்து நமக்கு வேண்டாம். மாரிஸின் முகம் ஒரு நொடி மாறுகிறது. நள்ளிரவு கழிந்ததும் வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பெட்டியும் கையுமாகக் காதரின் காத்திருக்கிறாள். வண்டிச் சத்தம் கேட்டு ஓடுகிறாள். வண்டி நிற்காமல் போகிறது. அத்தை லவினியா, நீ கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்திருக்கலாமே என்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் காதரினுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அத்தைக்கும் தெரிந்திருக்கிறது! இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாவலில் இந்த இரவு கிடையாது. அங்கே மாரிஸ் மெல்ல மெல்லத்தான் நழுவுகிறான். ஓடிப்போகும் திட்டமும் அந்தக் காத்திருப்பும் கோயட்ஸ் தம்பதியின் கற்பனை.

இதற்குப் பிறகு காதரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். வசனம் கிடையாது. டி ஹாவிலண்ட் ஏறினார். வைலர் இன்னொன்று என்றார். மறுபடி ஏறினார். மறுபடி இன்னொன்று. கடைசியில் பொறுக்க முடியாமல் பெட்டியை வைலர் இருந்த பக்கம் வீசி எறிந்துவிட்டார். பெட்டி விழுந்த விதத்தைப் பார்த்ததும் வைலருக்குக் கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது: பெட்டி காலி. உடனே உள்ளே புத்தகங்களை அடுக்கச் சொன்னார். கனத்த பெட்டியோடு மறுபடி ஏறச் சொன்னார். படத்தில் நாம் பார்ப்பது அந்த ஏற்றத்தைத்தான். தோள் சாய்ந்திருக்கிறது, கை கைப்பிடியைத் தேடுகிறது, ஒவ்வொரு படியிலும் உடம்பு பின்னுக்கு இழுபடுகிறது. கீழே நின்றது ஒரு பெண், மேலே போய்ச் சேர்ந்தது வேறொரு பெண். அத்தனை டேக் ஏன் என்ற கேள்விக்கு அந்தப் படிகளிலேயே பதில் இருக்கிறது. நடிப்பால் கொண்டுவர முடியாத கனத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார் வைலர்.

இசையமைத்தவர் ஆரன் கோப்லண்ட். அவர் எழுதி வைத்திருக்கிற ஓர் அனுபவம் சினிமா இசையைப் பற்றி யோசிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. முன்னோட்டக் காட்சியில், மாரிஸ் வரமாட்டான் என்று காதரினுக்கு உறைக்கிற கட்டத்தில் பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்களாம். இங்கே சிரித்தால் படமே போச்சு என்று வைலர் பதறினார். நடிப்பை மாற்றவில்லை, காட்சியை வெட்டவில்லை. கோப்லண்ட் அந்த இடத்துக்கு மட்டும் காதுக்கு நெருடலான, ஒலிகள் ஒன்றோடொன்று மோதுகிற புது இசை எழுதினார். அடுத்த முன்னோட்டக் காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதே படச்சுருள், அதே நடிப்பு, இசை மட்டும் வேறு.

அதே கோப்லண்டுக்கு இந்தப் படம் ஒரு வருத்தத்தையும் தந்தது. மாரிஸ் பியானோவில் வாசித்துக்கொண்டு காதரினுக்குப் பாடிக்காட்டும் பாட்டு 'ப்ளெசிர் தமூர்'. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காதல் பாட்டு அது. கோப்லண்ட் எழுதிய டைட்டில் இசையில் கை வைத்து, இந்தப் பாட்டை வேறொருவரைக் கொண்டு இசைக்கோவை செய்து சேர்த்துவிட்டார்கள். அந்தப் பகுதி தன்னுடையது அல்ல என்று அவர் பகிரங்கமாகவே அறிவித்தார். இருந்தும் அந்த ஆண்டின் சிறந்த இசைக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

கடைசிப் பகுதியில் காதரின் இரண்டு பேருக்குக் கணக்குத் தீர்க்கிறாள். அப்பாவுக்கு முதலில். உயிலை மாற்றப்போகிறேன் என்று அவர் மிரட்டும்போது, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எப்படி எழுத வேண்டும் சொல்லுங்கள் என்கிறாள். அவரால் சொல்ல முடியவில்லை. அவர் மரணப் படுக்கையில் கிடக்கும்போது அவள் எதிரே சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டும் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து மாரிஸ் மீசையோடும் அதே இனிப்பான பேச்சோடும் திரும்பி வருகிறான். அவள் சம்மதிப்பதுபோலப் பேசி, பாரிஸில் அவனுக்காக வாங்கி வைத்திருந்த மாணிக்கப் பித்தான்களைக்கூடக் கொடுத்து, இரவு வரச்சொல்கிறாள். அவன் வருகிறான். அவள் தன் தையலின் கடைசி நூலை நறுக்கிவிட்டுக் கதவைத் தாழிடச் சொல்கிறாள். இவ்வளவு கொடுமையாக நடந்துகொள்ள முடியுமா என்று அத்தை கேட்டதற்கு, நல்ல ஆசான்களிடம் கற்றேன் என்ற பொருளில் பதில் சொல்கிறாள். அவன் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட, அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறுகிறாள்.

இது வெற்றியா என்று பலரும் விவாதிப்பார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருகிறது. அதே சமயம், இனிமேல் அந்த வீட்டுக்குள் யாரையும் விடாத அளவுக்கு அவளை மாற்றியவர்கள் மேல் ஆத்திரமும் வருகிறது. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து பணம் மட்டுமில்லை. அவருடைய குளிர்ந்த குரலும் சேர்ந்தே வந்தது.

1949 அக்டோபரில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் படம் வெளியானது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், வசூல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளில் நான்கு விருதுகள் கிடைத்தன: நடிகை, கலை இயக்கம், உடை, இசை. டி ஹாவிலண்டுக்கு அது இரண்டாவது ஆஸ்கர். அவர் 2020-இல், 104 வயதில், பாரிஸில் காலமானார். 1996-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது. சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு போய்ப் பார்த்த இந்தப் படம் தன்னை ஆழமாகப் பாதித்ததாக மார்ட்டின் ஸ்கார்செஸி சொல்லியிருக்கிறார். 1993-இல் அவர் எடுத்த 'தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்' படத்தைப் பார்த்தால் அந்தத் தாக்கம் தெரியும். 1997-இல் அக்னியெஷ்கா ஹாலந்து இதே நாவலை மூலப்பெயரிலேயே மறுபடி எடுத்தார். நாவலுக்கு நெருக்கமான நல்ல படம். ஆனால் அந்தப் பெட்டியின் கனம் வைலர் படத்தில்தான் இருக்கிறது.

காதல் கதை பிடித்தவர்களும் சினிமா கற்றுக்கொள்கிறவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் இது. அவர்களைவிட முக்கியமாக, பிள்ளையின் காதலைப் பற்றி வீட்டில் பேச வேண்டிய இடத்தில் இருக்கிற அப்பா அம்மாக்கள் பார்க்க வேண்டும். பையனையோ பெண்ணையோ பற்றி உங்கள் கணிப்பு முழுக்கச் சரியாகவே இருக்கலாம். அதைச் சொல்வதற்காக உங்கள் பிள்ளையின் மதிப்பைக் குறைத்துப் பேசாதீர்கள்.